நிரலுக்கும் ஒரு முன்கதை உண்டு

லண்டன், மோர்டனில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் மேடைகளுக்குப் புதியது. செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் நாம் ஒரு மென்பொருளின் நிரல்களை ஒப்படைக்கிறோம். அந்த நிரல்களின் பின்னணியை அதற்கு எப்படித் தெரியப்படுத்துவது? அதற்கென்று வந்திருக்கும் கருவிகளை எப்படி அமைப்பது? இதுதான் பொருள். இது கணினி படித்த பிள்ளைகளுக்கான பேச்சு, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் எழுந்துவிட வேண்டாம். இந்தப் பேச்சில் பாதி உங்களைப் பற்றியது.

முதலில் ஒரு கேள்வி. இந்த உதவியாளருக்கு என்ன தெரியும்? பைத்தான் தெரியும். ஜாவா தெரியும். உலகம் பொதுவில் வைத்திருக்கும் நிரல்களில் ஏராளமானவற்றைப் படித்திருக்கிறது. ஒரு வேலையைச் சொன்னால் நாம் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இருநூறு வரி எழுதிக் கொடுக்கிறது. சரி, அதற்கு என்ன தெரியாது? உங்கள் நிரல் தெரியாது. அது யாருக்காக எழுதப்பட்டது, தெரியாது. எந்த வரியைத் தொட்டால் எந்தப் பட்டியல் குலையும், தெரியாது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஏன் அந்த வரியை அப்படிக் கோணலாக எழுதி வைத்தார், அதுவும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நின்றாலாவது பரவாயில்லை. பெரும்பாலும் அது நிற்பதில்லை. உலகத்தில் பொதுவாக எது வழக்கமோ, அதுவே இங்கும் வழக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுதிக்கொண்டே போகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நவுர் என்ற கணினி அறிஞர் 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் டூரிங் விருது பெற்றவர் அவர். ஒரு மென்பொருளின் உயிர், எழுதிவைத்த வரிகளில் இல்லை, அதை எழுதியவர்களின் மனத்தில் இருக்கும் விளக்கத்தில் இருக்கிறது என்பது அவர் கட்டுரையின் சாரம். எழுதிய குழு கலைந்துபோனால், நிரல் ஓடிக்கொண்டிருந்தாலும் அது இறந்த நிரல்தான் என்ற அளவுக்கு அவர் வாதாடினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் சொன்னது! அன்றைக்குப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பொறியாளரை மனத்தில் வைத்துச் சொன்னார். இன்றைக்கு அந்தப் புதிய பொறியாளரின் நாற்காலியில் ஒரு இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. அவராவது பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை இல்லை. நாம் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

இந்த ஊர் நிலையத்தையே பாருங்கள். 1926இல் திறந்த மோர்டன் நிலையம், நார்தர்ன் பாதையின் தென்கோடி. இங்கிருந்து போகும் தடம் கென்னிங்டனில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பேங்க் வழி, மற்றது சாரிங் கிராஸ் வழி. காம்டன் டவுனில் மறுபடி சேர்கிறது. வரைபடத்தில் எல்லாமே இருக்கிறது. ஆனாலும் நேற்று ஊரிலிருந்து வந்த மருமகளுக்கு நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? “பிள்ளை, உன் வேலை லெஸ்டர் ஸ்குவேரில். பேங்க் வழி வண்டி வந்தாலும் ஏறு, கென்னிங்டனில் இறங்கி மாறு.” வரைபடம் முழுவதையும் அவளுக்கு ஒப்பிக்கவில்லை. அவளுடைய வேலைக்கு வேண்டிய ஒரே ஒரு செய்தியை, வேண்டிய நேரத்தில், தெரிந்தவர் சொன்னார். உதவியாளருக்குச் சூழல் கொடுக்கும் கருவி செய்ய வேண்டியதும் இந்த வேலைதான்.

இது எல்லா நிரலுக்கும் பொருந்தும் என்றால், தமிழ் மேடையில் எதற்காகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். சொல்கிறேன். உலக வழக்கத்தை வைத்து ஊகிக்கும் இயந்திரம், வேறு எங்கு சரியாக ஊகித்தாலும், தமிழ் மென்பொருளில் தவறுகிறது. நம்முடைய எழுத்து வேறு. நம்முடைய பெயர் முறை வேறு. நம்முடைய பழைய கோப்புகள் கிடக்கும் கோலம் வேறு.

எழுத்திலிருந்து தொடங்குவோம். “தமிழ்” என்ற சொல்லில் எத்தனை எழுத்து? முதலாம் வகுப்புப் பிள்ளையும் மூன்று என்று சொல்லும். பைத்தானிடம் கேளுங்கள், ஐந்து என்று சொல்லும். த, ம, அடுத்து மி-க்கான மேல்விலங்கு தனியாக, ழ, அடுத்து புள்ளி தனியாக. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் குறியெண் கொடுக்கும் யூனிக்கோடு அப்படித்தான் குறியிட்டிருக்கிறது. வட்டில் சேமித்தாலோ பதினைந்து பைட்டு. எண்ணிக்கை தவறினால் என்ன கெட்டுப்போகும் என்கிறீர்களா? அந்தச் சொல்லைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். கடைசியில் இருந்த புள்ளி, ஏறி உட்கார எழுத்தில்லாமல் முதலில் வந்து தனியாக நிற்கும். மகரத்துக்கு உரிய மேல்விலங்கு ழகரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நமக்குக் கிடைக்க வேண்டியது “ழ்மித”. கிடைப்பதோ ஒரு அநாதைப் புள்ளியும் “ழிமத” என்ற சொல்லும். குறுக்கெழுத்து, சொல் விளையாட்டு, அகரவரிசை, எழுத்துப் பிழைத் திருத்தி என்று எதை எழுதினாலும் இந்தப் பள்ளம் வழியில் இருக்கிறது.

இந்தப் பள்ளத்தை நம்மவர்கள் எப்போதோ நிரவிவிட்டார்கள் என்பதையும் பெருமையோடு சொல்ல வேண்டும். எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை அவர்களும் அவரோடு சேர்ந்த ஆர்வலர்களும் வளர்த்த ஓபன் தமிழ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. சொல்லைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும். இலவசம், திறந்த மூலம். ஆனால் உங்கள் மென்பொருளில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று உதவியாளருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லாவிட்டால், ஆங்கிலச் சொல்லை எண்ணுகிற அதே சாதாரண முறையில் எண்ணிவிட்டு, வேலை முடிந்தது என்று அறிவிக்கும்.

இன்னும் ஒன்று. “கொ” என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்தோடு ஒரே ஒகரக் குறி. அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இதைச் சீராக்க யூனிக்கோட்டிலேயே ஒரு விதி இருக்கிறது. ஆனால் “ஸ்ரீ” எழுத்துக்கு அந்த விதியும் உதவாது. ஸகரத்தில் தொடங்கியும் அதை எழுதலாம், 2005இல் யூனிக்கோட்டில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். இரண்டையும் ஒன்றாகக் கருது என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்த அவையிலேயே எத்தனை ஸ்ரீதரன்கள், எத்தனை ஸ்ரீகாந்தன்கள்! ஒரு பட்டியலில் இருக்கும் ஸ்ரீதரன் இன்னொரு பட்டியலில் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஒரு தமிழ்ப் பள்ளியின் மாணவர் பதிவு மென்பொருளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டூட்டிங்கிலோ மிட்சமிலோ விம்பிள்டனிலோ எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். பெற்றோர் ஒருவர் இரவு விழித்து எழுதிக் கொடுத்தது. “ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை கொடு” என்று இயந்திரத்திடம் சொல்கிறோம். அது என்ன செய்யும்? கடைசிப் பெயர் ஒன்றாக இருப்பவர்கள் ஒரே குடும்பம் என்று எழுதிவிடும். இந்த நாட்டு வழக்கத்துக்கு அது பெரும்பாலும் சரி. நமக்கு? நம் வீடுகளில் பிள்ளையின் கடைசிப் பெயர் தகப்பனின் பெயர். தகப்பனின் கடைசிப் பெயர் பாட்டனாரின் பெயர். ஒரே வீட்டில் இரண்டு மூன்று கடைசிப் பெயர். அதே நேரம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலு குடும்பங்களில் சிவகுமார் என்ற பெயருள்ள தகப்பன் இருப்பார். அந்த நாலு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே குடும்பமாகிவிடுவார்கள். நிரல் பிழையில்லாமல் ஓடும். சோதனையிலும் தேறும். வாசலில் கட்டணத்தோடு வந்து நிற்கும் தாய்தான் பிழையைக் கண்டுபிடிப்பார்.

அந்தப் பள்ளியின் பழைய கோப்புகளையும் திறந்து பார்ப்போம். யூனிக்கோடு வருவதற்கு முன் நம் ஈழத்துத் தமிழர் கணினியில் தட்டியது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். இயந்திரத்தின் கண்ணுக்கு அது பழுதடைந்த தரவு. “பழுதானவற்றை நீக்கிச் சுத்தம் செய்” என்றால் எதை நீக்கும்? 1990களில் இந்த நகரத்துக்கு வந்து இறங்கிய பிள்ளைகளின் பெயர்களை நீக்கும். இது பாமினி, இதை அழிக்காதே, யூனிக்கோடுக்கு மாற்று என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அந்தப் பெயர்கள் பிழைக்கும்.

ஆகவே பெரியோர்களே, பாதி உங்களைப் பற்றியது என்று ஏன் சொன்னேன் என்பது இப்போது விளங்கியிருக்கும். பாமினியில் தட்டியவர் நீங்கள். பெயர் முறை தெரிந்தவர் நீங்கள். அந்தப் பட்டியலில் ஏன் ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டது என்பது உங்களுக்கு மட்டும் தெரியும்.

சரி, கருவிக்கு வருவோம். 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், நிரல் எழுதும் கருவிகளையும் நிரல்மொழிகளையும் இணைக்க, லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதற்கு முன் ஐந்து நிரல் எழுதும் கருவிகளும் ஏழு நிரல்மொழிகளும் இருந்தால் முப்பத்தைந்து இணைப்புகள் செய்ய வேண்டும். பொது நெறிமுறை வந்தபின் பன்னிரண்டு போதும். அதே வழியைப் பின்பற்றி, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், உதவியாளரை வெளிக் கருவிகளோடும் தரவோடும் இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பதை வெளியிட்டது, சுருக்கமாக எம்சிபி. அடுத்த சில மாதங்களில் ஓபன்ஏஐ, கூகுள் என்று போட்டி நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டன. 2025 டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அமைந்த ஒரு பொது அமைப்பிடம் அது ஒப்படைக்கப்பட்டது. ஒரு தடவை நம் மென்பொருளுக்கு ஒரு எம்சிபி சர்வர், அதாவது நம் நிரலை உதவியாளருக்குக் காட்டும் ஒரு கருவி, அமைத்துவிட்டால், நாளைக்கு எம்சிபியை ஏற்கும் எந்த உதவியாளருக்கு மாறினாலும் அது கூடவே வரும். நம் போன்ற சிறு சங்கங்களுக்கு இது மிகப் பெரிய வசதி.

அதை அமைப்பது எப்படி? பலர் முதலில் நிறுவுகிறார்கள், பிறகு யோசிக்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். முதல் வேலை, எது உள்ளே போகக் கூடாது என்று முடிவு செய்வது. கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பு போகக் கூடாது. பிள்ளைகளின் உண்மையான பெயர், முகவரி, பிறந்த தேதி இருக்கும் தரவுத்தளம் போகக் கூடாது. நிரல் போகலாம், தரவு போகக் கூடாது. பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பிப் பிள்ளைகளின் விவரத்தைக் கொடுத்த பெற்றோர் இருக்கிறார்கள். விலக்க வேண்டியவற்றை ஒரு விலக்குப் பட்டியலில் எழுதுங்கள். சோதனைக்குக் கற்பனைப் பெயர்கள் கொண்ட மாதிரித் தரவை வையுங்கள்.

இரண்டாவது, கருவியை நிறுவி அட்டவணை போட வைப்பது. கருவி உங்கள் கோப்புறையை வாசித்து, எந்தச் செயற்கூறு எந்தக் கோப்பில் இருக்கிறது, எது எதை அழைக்கிறது என்று ஒரு அட்டவணை தயாரிக்கும். சில கருவிகள் ட்ரீ சிட்டர் என்ற பகுப்பியைக் கொண்டு இலக்கணப்படி பிரிக்கும். சில கருவிகள் நிரல் துண்டுகளை எண்களின் வரிசையாக மாற்றி, பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடும். சில கருவிகளோ எதையும் முன்கூட்டித் தயாரிக்காமல், 1970களில் கென் தாம்சன் எழுதிய கிரெப் போன்ற எளிய சொல் தேடலை வைத்தே வேண்டியதைக் கண்டுபிடிக்கும். எது நல்லது? நம் சங்கத்துச் சிறு மென்பொருளுக்கு எளிய தேடலே போதும் என்பது என் கருத்து. பெரிய ஏற்பாட்டைப் போட்டால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். நமக்கு ஆள்தான் பஞ்சம். நிரலுக்குள் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருந்தால் அதையும் குறிப்பில் சொல்லிவிடுங்கள். பொருள் நெருக்கத்தைத் தேடும் கருவிகள் அந்த இடத்தில் தடுமாறும்.

அடுத்தது இணைப்பு. உதவியாளரின் அமைப்புக் கோப்பில், இந்தச் சர்வரை எந்தக் கட்டளையால் தொடங்குவது, எந்தக் கோப்புறையைக் காட்டுவது என்று சில வரிகள் எழுத வேண்டும். கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுங்கள். பாதையில் தவறு இருந்தால் எதுவும் வேலை செய்யாது. தொடக்கத்தில் வாசிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். எழுதும் உரிமையை நம்பிக்கை வந்தபின் கொடுக்கலாம்.

இணைத்தாயிற்று. வேலை கொடுக்கலாமா? கூடாது, முதலில் தேர்வு வையுங்கள். விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்வியைக் கேளுங்கள். கட்டணச் சலுகை எங்கே கணக்கிடப்படுகிறது? எழுத்துகளை எந்த நூலகம் எண்ணுகிறது? சரியான கோப்பைச் சுட்டிக்காட்டினால் மேலே செல்லுங்கள். பொதுப்படையாகப் பேசினால், அது உங்கள் நிரலைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு பேராசையைக் கண்டிக்க வேண்டும். கிடைத்ததையெல்லாம் உள்ளே திணித்துவிட்டால் அறிவு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. நெல்சன் லியூ முதலிய ஆய்வாளர்கள் 2023இல் சோதித்துக் காட்டினார்கள்: நீண்ட உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கும் செய்தியை மொழி மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்தின, நடுவில் கிடந்ததைப் பல தடவை தவறவிட்டன. தமிழுக்கு இன்னொரு சுமையும் உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப் 8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட்டு பிடிக்கிறது. மொழி மாதிரிகளிலும் அதே செய்தி ஆங்கிலத்தைவிடப் பொதுவாக அதிக இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே குறைவாகக் கொடுங்கள், தேர்ந்து கொடுங்கள்.

தேர்ந்து கொடுப்பதற்கு ஒரு இடம் இருக்கிறது. நிரல் கோப்புறையின் தலையில் ஏஜென்ட்ஸ் எம்டி (AGENTS.md) என்ற பெயரில் ஒரு சாதாரண உரைக் கோப்பு. பல உதவியாளர்கள் வேலை தொடங்குமுன் அதைப் படிக்கின்றன. என் மனத்துக்கு, இந்த ஏற்பாடு முழுவதிலும் உயிரான பகுதி அதுதான். சர்வரை நிறுவ ஒரு மாலை போதும். இந்தக் கோப்பை எழுத, தெரிந்தவர்கள் உட்கார வேண்டும். அதில் என்ன இருக்கும்? “தமிழ் எழுத்துகளை ஓபன் தமிழ் கொண்டு மட்டுமே எண்ணு. ஒப்பிடுவதற்கு முன் யூனிக்கோடு வடிவத்தைச் சீராக்கு. ஸ்ரீயின் இரு வடிவத்தையும் ஒன்றாகக் கொள். கடைசிப் பெயரை வைத்துக் குடும்பத்தை முடிவு செய்யாதே, குடும்ப எண்ணைப் பார். பழைய பதிவுகள் கோப்புறையில் இருப்பது பாமினி, அழிக்காதே, மாற்று. மாற்றியதை மனிதர் பார்க்காமல் சேர்க்காதே.” அவ்வளவுதான். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒருவருடைய அனுபவம் இருக்கிறது. நவுர் சொன்ன மனத்திலிருக்கும் விளக்கத்தை முழுவதும் எழுதிவிட முடியாது, உண்மை. இந்த ஒரு பக்கம் இருந்தாலே, அடுத்து வருகிறவர் இருட்டில் தடவ வேண்டியதில்லை. அவர் மனிதரானாலும் இயந்திரமானாலும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உதவியாளர் வாசிக்கும் உரைக்குள் யாராவது கெட்ட கட்டளையை ஒளித்து வைத்தால், அதையும் நம் கட்டளை என்று எண்ணி நிறைவேற்றக்கூடும். 2022இல் சைமன் வில்லிசன் இதற்கு பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று பெயரிட்டார். இன்னும் முழுத் தீர்வு இல்லை. ஆகவே முன்பின் தெரியாதவர் எழுதிய எம்சிபி சர்வரை நிறுவாதீர்கள். ரகசியத் தரவையும் வெளியே அனுப்பும் வசதியையும் ஒரே உதவியாளரின் கையில் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

நிரல் மாறும்போது அட்டவணையையும் புதுப்பிக்க வேண்டும், குறிப்பையும் திருத்த வேண்டும். பழைய குறிப்பு, குறிப்பே இல்லாததைவிடக் கெடுதல். இயந்திரம் அதை முழு நம்பிக்கையோடு பின்பற்றும்.

நண்பர்களே, மோர்டன் இருக்கும் இந்த மெர்ட்டன் வட்டாரத்தில் ஆங்கிலத்துக்கு அடுத்து அதிகம் பேசப்படும் மொழிகளில் தமிழும் ஒன்று. நமக்குப் பள்ளிகள் உண்டு, கோயில்கள் உண்டு, ஊர்ச் சங்கங்கள் உண்டு. அவற்றின் பட்டியல்களும் கணக்குகளும் யாரோ ஒரு தொண்டர் எழுதிக் கொடுத்த நிரலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தொண்டர் வேலை மாறிப் போகலாம், வீடு மாறிப் போகலாம், நம்மை விட்டே போகலாம். அவர் இருக்கும்போதே கேட்காமல், பிறகு யாரிடம் கேட்கப் போகிறோம்? எந்த இயந்திரம் வந்து சொல்லும்?

இளைஞர்களே, உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். உங்கள் சங்கத்தின், உங்கள் பள்ளியின் நிரலை எழுதியவர் யார் என்று இன்றிரவே விசாரியுங்கள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். கேளுங்கள், எழுதுங்கள், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டித் திருத்துங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் கதவைத் தட்டினால், எனக்குக் கணினி தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் கணினியைக் கேட்டு வரவில்லை. உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு வருகிறார்கள். உட்கார வைத்துச் சொல்லுங்கள்.